நீர்நாயின் வால்

என் கண்ணுக்கும் சேர்த்துப் பார்த்த அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. வண்ணார்பேட்டையில் என் பாத்திரக்கடை வழக்கம்போல நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எங்கே போவதென்று தெரியவில்லை.

சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம் அந்த ஆற்றங்கரைப் பூங்காவில் எத்தனை ஞாயிறு என்னை இழுத்துக்கொண்டு அலைந்திருப்பாய்! பாறை மேட்டில் கீரி, உடைமரக் காட்டில் முயல், குளத்தில் நாமக்கோழி, கடைசியில் ஆற்றோர நாணல். ரெண்டு பேர் பார்த்தால்தான் உன் குறிப்பு நோட்டில் ஏறும் என்பது உன் சட்டம். விலங்கியல் டீச்சர் அல்லவா.

"ஏலே, அந்தா நீர்நாய்! தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

"எங்கன?"

"அங்கனதான். வா, போலாம். கடை திறக்கணும்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அக்கா. தண்ணீர் அசைந்தது, அவ்வளவுதான். தெரியுது என்றால் நீ கிளம்புவாய் என்று சொன்னேன். நீ என் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டாய்.

போன மாதம், படகுத்துறை கட்ட அந்த நாணலை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நீர்நாய் இருக்கிற இடமாயிற்றே என்று உன் நோட்டைத் தூக்கிக்கொண்டு பூங்கா அலுவலகத்தில் போய் நின்றேன். அதிகாரி பொறுமையாகத்தான் படித்தார்.

"நீங்களும் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன்."

"வால் எப்படி இருந்துச்சு?"

சரக்கு விற்க வருகிறவனை நானும் இப்படித்தான் மடக்குவேன். தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது. பெயரிலேயே நாய் இருக்கிறதே!

"நாய் வால் மாதிரிதான். சுருண்டு இருந்துச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "குரைச்சுதா அண்ணாச்சி?" என்றான் ஒருவன். "நீங்க ரெண்டு பேரும் பாத்தது தெருநாயி" என்று அதிகாரி நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். ரெண்டு பேரும் என்றார், அக்கா.

அடி தடித்து, நுனி மெலிந்து, துடுப்பு மாதிரி தண்ணீரைத் துழாவும் வால் என்று நீ எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். நோட்டை எடுத்துப் போன நான், அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நாணல் போய்விட்டது. கரை மொட்டையாகக் கிடக்கிறது. வெட்டும்போது உள்ளே குட்டிகள் இருந்தனவா? யாரிடம் கேட்பேன்?

நாணலைத் திரும்பக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. உன் பெயரை மீட்கலாம். அதற்காகத்தான் ஊர் படிக்க இதை எழுதுகிறேன்: பார்த்தவள் அக்கா, பொய் சொன்னவன் நான். இதையே அந்த அலுவலகத்திலும் போய்ச் சொல்வேன். எவன் சிரித்தாலும் முழுதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன்.

உன் சொல்லைக் கெடுத்த
உன் தம்பி