பத்தாவது மாடியில் செங்கல்

என்னங்க,

இன்று காலை நான் அசடு வழிந்ததைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். புது ஐஸ்பெட்டி கொண்டுவந்த பையனை நிறுத்தி, "பொறுங்க தம்பி, அடியிலே செங்கல் வைக்கணும்" என்றேன். பழைய வீட்டுச் செங்கல்லைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேனே! அவன் என்னையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, இது பத்தாவது மாடி லா. இங்க தண்ணி வந்துச்சுன்னா பினாங்கே இருக்காது."

செங்கல்லில் நம் சுங்கை பினாங்கு ஆற்றின் சேற்று வாடை இன்னும் இருந்தது. உங்கள் நினைவு வந்துவிட்டது.

ஜெலுத்தோங்கில் அந்த ஆற்றோர வீட்டுக்கு நான் மருமகளாக வந்த வாரமே வெள்ளத்தைப் பார்த்துவிட்டேன். கடல் ஏறும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் ஆறு நேரே அடுப்படிக்கு வரும். நான் அரிசி டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று தேடுகிறேன். நீங்களோ கைலியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் நின்றபடி கதை சொன்னீர்கள். "வெள்ளைக்காரன் காலத்திலே இது வெறும் ஆறு இல்லடி, கடைத்தெரு மாதிரி. சரக்குப் படகு வரிசையா நிக்கும். எங்க தாத்தா ரெண்டு மூட்டையை ஒரே தூக்கா தூக்குவாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தத் தாத்தாவைக் கூப்பிட்டு இந்த மெத்தையைத் தூக்கச் சொல்லுங்க" என்றேன்.

அரிசியும் கொப்பரையும் அடைந்துகிடந்த கிட்டங்கிகள் நம் கண்முன்னேயே கார்ப் பட்டறைகளாயின. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. நீங்களே தொழிற்சாலை பஸ் ஓட்டினீர்கள். ஆறு கறுத்து நாறியது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக அடுக்குமாடிக்குப் போனார்கள். நாமும் போகலாம் என்று கெஞ்சினால் ஒரே பதில்தான். "தாத்தா மூட்டை தூக்கின இடத்தை விட்டுட்டு எங்கடி போறது?" வானம் இருண்டாலே நான் அரிசி டின்னைப் பரணில் ஏற்றத் தொடங்கிவிடுவேன். அந்தப் பயம் உங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை.

நீங்கள் கண்மூடிய பிறகும் அந்த வீட்டில் தனியாக இருந்து பார்த்தேன். போன வெள்ளத்தில் மெத்தையின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அன்றுதான் போதும் என்று முடிவெடுத்தேன். ஆனாலும் அந்த வீட்டுச் சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து ஓர் உறுத்தல். உங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்ததுபோல் மனசு அடித்துக்கொண்டது.

மத்தியானம் எதிர்வீட்டு மைமூன் அக்கா பலகாரத்தோடு வந்தார். ஈப்போவிலிருந்து மகனோடு புதிதாகக் குடிவந்தவர். சன்னலருகே நின்று, "அது என்ன ஆறு, இப்படி வளைஞ்சு போகுது?" என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். அந்த ஆற்றை நான் மேலிருந்து பார்த்ததே இல்லை. அது கடலில் சேரும் வாய், படகுகள் நின்ற வளைவு, துருப்பிடித்த கிட்டங்கிக் கூரைகள், அப்பால் தொழிற்சாலைகள். எல்லாம் நீங்கள் சொன்னது சொன்னபடியே கிடந்தது.

"அந்தக் காலத்திலே அது கடைத்தெரு மாதிரிக்கா" என்று தொடங்கிவிட்டேன். "எங்க வீட்டுக்காரரோட தாத்தா மூணு மூட்டையை ஒரே தூக்கா தூக்குவாராம்."

"அம்மாடி! மூணா?" என்று அக்கா வாயைப் பிளந்தார்.

சன்னலோரம் உட்கார்ந்து தேநீரோடு கதை பாதி ஓடும்போது மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. நான் எழுந்திருக்கவில்லை. இருவருக்கும் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றி, மிச்சத்தையும் சொன்னேன்.

அப்பாடா, உங்களை அங்கே விட்டுவிட்டு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கால் நனையாமல் சொன்னால் உங்கள் கதை நன்றாகத்தான் இருக்கிறது.