சரிபாதியாக வெட்டப்பட்ட சுருள்

7 ஏப்ரல் 2002, அரியலூர்

பழந்திரை அன்பர் கழகத்தின் மீது எனக்குள்ள குறைகள், தேதிவாரியாக:

1. 12.11.1998. மருதையாற்று வெள்ளத்தைப் பற்றிய சிந்துப் பாட்டைச் சந்தைதோறும் பாடித் திரிந்த அந்தக் காலத்தில், அக்கதையை ஊமைப்படமாக எடுத்தார்கள். ஒன்பது சுருளில் எட்டு அழிந்தன. என்னிடம் எஞ்சிய ஒன்றை, பாதுகாப்பதாகச் சொன்னதால், அன்று கழகச் செயலாளர் பரணிதரனிடம் ஒப்படைத்தேன். ரசீது கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு சார்" என்றார்.

2. 21.1.2001. மாவட்டம் பெரம்பலூர், அரியலூர் என இரண்டானதும் கழகமும் இரண்டானது. நாற்காலிகளைப் பங்கிட்டார்கள். சுருள் ஒன்றே இருந்தது. அளவுநாடா பிடித்துக் கத்தரித்தார்கள். அரியலூர்ச் செயலாளரான இராமலிங்கம் எனக்கு ஆறுதலும் சொன்னார்: "நூல் பிசகல சார், நானே கூட இருந்து அளந்தேன்."

3. 5.4.2002. மாவட்டங்கள் மீண்டும் இணைந்தன, கழகமும் இணைந்தது. சுருளை ஒட்டினார்கள். மாவட்டத் தலைநகரம் என்பதால் பெரம்பலூர்த் துண்டு முன்னால். அதில் இருப்பது மணப்பெண்ணை வெள்ளம் கொண்டுபோகும் காட்சி. அவளுடைய திருமணம் அரியலூர்த் துண்டில்.

அந்த மணப்பெண்ணாக நடித்த கமலவேணி என் தாய். எனக்கு இரண்டு வயதில் இறந்தார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. சுருளை வெளிச்சத்தில் பிடித்துத்தான் அவர் முகத்தை அறிந்தேன். அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

11 ஏப்ரல்

வரிசை தவறென்று பரணிதரனிடம் சொன்னேன். "பழைய படம் சார், யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?" மகனை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

21 ஏப்ரல்

பெரம்பலூர்த் திரையரங்கில் இணைப்பு விழா. ஊமைப்படத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பேசாத படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். படம் முடிந்ததும் மேடையேறிக் கண்டிக்க நானும் ஓர் உரை எழுதிச் சென்றிருந்தேன்.

விளக்கு அணைந்தது. அம்மா வெள்ளத்தில் போனார். கை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. ஒட்டிய இடம் திரையில் ஒரு துள்ளு துள்ளியது. உடனே மாலையும் கழுத்துமாக நடந்து வந்தார். யாரையோ பார்த்துச் சிரித்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "பொழச்சுக்கிட்டா பாருடி. நான் போயிட்டான்னுல்ல நெனச்சேன்."

உரை சட்டைப்பையிலேயே இருந்தது.

வெளியே பரணிதரன், ஒரே வாரத்தில் வெட்டி, சரியான வரிசையில் ஒட்டிவிடுவதாகச் சொன்னார்.

22 ஏப்ரல்

கழகத்துக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல்:

"சுருளை எனக்குத் திருப்பித் தர வேண்டும். வெட்டியது குற்றம், ஒட்டியது அறியாமை, இரண்டையும் நான் மன்னிக்கவில்லை. ஆயினும் வரிசையைத் திருத்தக் கூடாது. இப்போது உள்ளபடியே தருக. இனி அதில் கத்தரி படாது என்பதற்கு 30.4.2002 மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் பதில் வந்தாக வேண்டும்."