இன்ஸ்டன்ட் என்ற மாதம்

1963 ஆவணி (ஆகஸ்ட்) 22, வியாழன்

மேய்ச்சல் நிலத்து விசாரணை இன்றைக்கென்று நெடுந்தீவிலிருந்து வெளுத்த வேட்டியோடு அரசாங்கக் கச்சேரிக்குப் போனேன். அது போன மாதம் 22ஆம் திகதியே முடிந்துவிட்டதாம். நிலமும் கிணறும் எனக்கு எதிராகக் கேட்டிருந்த கந்தையாவுக்குப் போய்விட்டன.

ஆடியில் வந்த இங்கிலீசுக் கடிதத்தை ஒரு முட்டி தயிரோடு பென்சன்காரக் கிளாக்கர் சின்னத்துரையிடம் கொண்டுபோயிருந்தேன். "22 இன்ஸ்டன்ட் எண்டு கிடக்கு. அது அடுத்த மாதம்" என்றார்.

கச்சேரியில் இருந்தவர் சிரித்தார். "கடிதம் எழுதின அதே மாதம்தான் இன்ஸ்டன்ட், அண்ணை. ஆர் உங்களுக்கு வாசிச்சது?"

திரும்பி வந்ததும் நேரே கிளாக்கர் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, உங்கட இந்த மாதப் பென்சனையும் அடுத்த மாதம் எடுங்கோவன்."

"பழைய சொல்லடாப்பா, மறந்துபோச்சு."

முப்பது வருடம் கந்தோரில் அந்தச் சொல்லை எழுதியே சம்பளம் வாங்கிய மனுசன். நான் கொடுத்த தயிர் மட்டும் அவருக்குப் புளிக்கவில்லை. கந்தையா அவருடைய மகளைக் கட்டியவன். அதற்கு மேல் எழுதினால் எனக்குத்தான் நெஞ்சு எரியும்.

ஏழு மாடுகளுக்கும் இனித் தண்ணீர் இல்லை. விடிந்ததும் அவருடைய முற்றத்துக்கே ஓட்டிப் போகிறேன். அவரே அள்ளி ஊற்றட்டும்.