அவருக்கு வைக்கும் காபி

சனிக்கிழமை, இரவு

அருவருப்பு இன்னும் அடங்கவில்லை. எங்கள் ஸ்ரீரங்கம் நடைப்பயிற்சிக் குழுவினர் இன்று மாலை திருச்சியில் ஒரு நகைச்சுவை நாடகத்துக்குப் போனோம். எழுதி வைத்த வசனம் கிடையாது. பார்க்க வந்தவர்கள் ஏதாவது சொன்னால் அதையே உடனே நடிப்பார்கள். "வீட்டுல நடக்கற வேடிக்கை ஏதாவது சொல்லுங்க" என்றார்கள்.

குழுவின் ராகவன் சார் எழுந்தார். "எங்க சரோஜா மேடம், வீட்டுக்காரர் போனப்புறமும் தினம் அவருக்கு ஒரு டம்ளர் காபி வைக்கிறாங்க."

ஒரு நாள் நடந்து முடித்து உட்கார்ந்திருந்தபோது எங்களை நம்பி அவள் சொன்னது அது.

மேடையில் ஒரு பேய் வந்து, "சர்க்கரை பத்தலடி" என்றது. அரங்கமே சிரித்தது. சரோஜாவும் சிரித்தாள். நடித்த பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? சொன்னவரைத்தான் சொல்ல வேண்டும். பள்ளியில் ஒரு மாணவி அழுதுகொண்டே டீச்சரான என்னிடம் சொன்னதை நான் காலைப் பிரேயர் மைக்கில் சொல்வேனா?

திரும்பும்போது பஸ்ஸில் ராகவன் சாரைக் கேட்டேன். "ஜாலிக்குத்தானே டீச்சர். அவங்களே சிரிச்சாங்களே" என்று கடலையை நீட்டினார். அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நாளைக் காலை அந்த டம்ளரை எடுக்கும்போது அவளுக்கு அந்தச் சிரிப்புதானே கேட்கும்?

இறங்கும்போது சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அவர் சர்க்கரையே போட்டுக்க மாட்டார் டீச்சர்."