நல்லதை எழுதாத கை

நியூ லின்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரணவிக்கு,

அம்மாவும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கல்கரிக் குளிரில் நீயும் சுகமாக இருக்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்ள வேண்டும். போனில் கதைத்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். எனக்குக் கிரெடிட் தரமுடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். நான் எடுத்து வைத்திருக்கும் பிள்ளைப் பராமரிப்புச் சான்றிதழை டிப்ளோமாவின் முதல் வருடமாகக் கணக்கெடுப்பார்கள் என்று எவ்வளவு நம்பியிருந்தேன், இனி எல்லாம் முதலிலிருந்தாம். இந்த வயதில் அதற்கு எனக்குத் தெம்பில்லை. டிப்ளோமாவில் சேராதவர்களை நான் பிள்ளை பார்க்கிற சென்டரில் வருட முடிவோடு வேலையால் நிற்பாட்டப் போகிறார்கள். எல்லாம் போய்விட்டது பிள்ளை.

காரணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். கிரெடிட் கேட்பதென்றால் நான் பார்க்கிற பிள்ளைகளைப் பற்றிக் கதை மாதிரி எழுதிப் படத்தோடு கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும், அதைச் சென்டர்ச் சுவரிலும் ஒட்டுவார்கள். ஒலிவியா என்று ஒரு சின்னன், பெரிய பிள்ளைகள் திணறுகிற துண்டுப் படத்தை இருந்த இடத்திலேயே பொருத்திவிடும். அதைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கச் சுவரில் எழுதினால் பிள்ளைக்குக் கண்ணூறு நாவூறு பட்டுவிடாதா? மூக்கு வடிய வடிய அடுக்கினாள், சரியான பிடிவாதம், சாப்பாட்டில் கள்ளம் என்று எழுதினேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், கன்னத்தில் வைக்கிற கரும்பொட்டுப் போல ஆளுக்கொரு குறை வைத்தேன். கல்லூரியில் அதை வாசித்துப் பார்த்த பெண்மணி கோபிக்கவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தும் பிள்ளைகளிடம் நல்லதொன்றும் உங்கள் கண்ணில் படவில்லையே என்று கவலையாகத்தான் சொன்னார். நாவூறை விளக்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகை. நானா அந்தப் பிள்ளைகளைப் பார்க்காதவள்?

திருத்தித் தந்தால் இன்னொருமுறை பார்ப்பார்களாம், வெள்ளிக்கிழமை வரை விட்டிருக்கிறார்கள். உண்மையைத்தானே எழுதச் சொல்கிறார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு வா என்கிறார் அப்பா. நேற்று மேசையில் உட்கார்ந்து, ஒலிவியா மகா கெட்டிக்காரி என்று எழுதினேன். உடனே அழித்துவிட்டேன். நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் நான் எந்த முகத்தோடு தூக்குவேன்? மூடநம்பிக்கை என்பாய், எனக்கும் தெரியும், தெரிந்தும் கை ஓடவில்லை. வெள்ளிக்கிழமை நான் கொடுக்கப் போவதில்லை. வேறு என்ன வேலை தெரியும் எனக்கு, பிள்ளைகள் இல்லாத வீட்டில் பகல் முழுக்க என்ன செய்வேன்?

நீ நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் பனியில் இறங்காதே. பதவி உயர்வு என்று பேஸ்புக்கில் போட்ட படத்தை இன்றைக்கே எடுத்துவிடு, மறந்துவிடாதே. பிள்ளையார் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒரு குறையும் வராமல் நீடூழி வாழ். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய் இருக்கிறாய், சட்டையும் உனக்குப் பொருந்தவில்லை. இதற்கு மேல் உன்னைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

என்றும் உன் அம்மா,
தமயந்தி