டீ சுட்ட உதடு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். கீழுதட்டில் மறுபடியும் கொப்புளக் கொத்து. வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் விருந்தாளி. கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் டேபிளில் பஷீர் பாய் பிடித்துக்கொண்டார். "இன்னாபா, வீட்ல கடிச்சிட்டாங்களா?" எல்லாரும் சிரிப்பு. கூச்சம். "டீ சுட்டுச்சு பாய்" என்றேன். வீட்டில் செல்வியிடமும் வழக்கம்போல அதே டீ பொய். "ஆறவெச்சுக் குடிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

வந்ததும் குளியல், சோப்பு இரண்டு தடவை, வேறு லுங்கி. பிறகுதான் பாப்பாவைத் தூக்குவது. கம்பெனி கெமிக்கல் பட்டு அவள் கரப்பான் புண் ஜாஸ்தியாகிவிடக் கூடாதே. சட்டம் போட்டவன் நான்தான். இன்று முன்பல் விழுந்ததாம், பொட்டலம் கட்டி வைத்துக் காட்டினாள். இரண்டு கண் இமையிலும் முத்தம் கொடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

லீவு. பாப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கரப்பான் இருந்த இடமெல்லாம் கொப்புளம். முழங்கை மடிப்பு, கழுத்து, கண்ணைச் சுற்றி. உடைந்த இடத்தில் வட்ட வட்டமாகக் குழி. ஆட்டுத்தோலில் அம்மைத் தழும்பு கண்டால் தள்ளிவைப்பது என் வேலை. இன்று பார்க்கவே முடியவில்லை.

"வெள்ளிக்கிழம கத்திரிக்கா குடுத்தேங்க. கரப்பான் பண்டம்னு தெரிஞ்சே. ஆசையா கேட்டா" - செல்வி.

வேலூர் பஸ். தூறல். பள்ளிகொண்டா தாண்டும்போது பாப்பா: "அப்பா, கண்ணு தொறக்க வரல."

ஜூலை 15, செவ்வாய்

வார்டு. ட்ரிப்பில் மருந்து. வாங்க: பிளாஸ்க், சீப்பு, பிஸ்கட். மஞ்சள் கரடி பொம்மை (மறக்கக் கூடாது).

டாக்டர் மேடம் சொன்னது. இது கத்திரிக்காயும் இல்லை, கெமிக்கலும் இல்லை. வைரஸ். "உதட்டுல கொப்புளம் வர்றவங்ககிட்டருந்து ஒட்டும். ஒரு வாட்டி உள்ள போச்சுன்னா போகாது. நரம்புல படுத்துத் தூங்கும், அப்பப்ப எழுந்துக்கும். பெரியவங்களுக்கு ரெண்டு கொப்புளம், அவ்ளோதான். கரப்பான் தோல் வேலி இல்லாத கொல்லை. பூந்து மேஞ்சிடும்."

பிறகு கேட்டார். "வீட்ல யாருக்காவது உதட்டுல வருமா?"

"யாருக்கும் இல்ல மேடம்" - செல்வி. பொய் இல்லை. அவளுக்குத் தெரிந்தது டீதான்.

காதில் கம்பெனியில் தோல் சுழற்றும் டிரம் ஓடுகிற சத்தம். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். உதட்டுப் புண்ணின் பக்கு இன்னும் முழுசாக உதிரவில்லை. ஐந்து வருஷம் உடம்பு பூரா தேய்த்துக் குளித்தவன், புத்திசாலி. உதட்டை விட்டுவிட்டேன்.

மேடத்தை வராண்டாவில் துரத்திப் பிடித்துச் சொல்லிவிட்டேன். "வேணும்னா செஞ்சீங்க? யார்கிட்டருந்து வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா புண்ணு ஆறுற வரைக்கும் முத்தம் வேணாம். வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க." தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

ஜூலை 17, வியாழன்

காய்ச்சல் கம்மி. கண் டாக்டர் பார்த்தார். கருவிழிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, குளித்தவன் மாதிரி முகம் துடைத்துக்கொண்டு வந்தேன்.

பாப்பா ஒரு கண்ணை மூடிக் காட்டி: "குளிச்சிட்டியா? அப்ப முத்தா குடு."

"மீசை குத்தும்டா."

"எப்பவும்தான் குத்தும்."

செல்வி மூக்கை உறிஞ்சினாள். "டாக்டர் ஆயிரம் சொல்லட்டுங்க. கத்திரிக்கா குடுத்தது நான்தானே."

"நீ இல்ல செல்வி."

"பின்ன யாரு?"

கேட்டுக்கொண்டே பிளாஸ்க் டீயை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினாள். நீட்டினாள். "ஆறிடுச்சு, குடிங்க. மறுபடியும் சுட்டுக்காதீங்க."

வாங்கிக் குடித்தேன்.

அன்றைக்குச் சுட்டது டீ இல்லை, செல்வி.