கூரைமேல் சிக்னல் கிடையாது

கொச்கோர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பெர்மெத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பசு, கன்று, பெட்டைக் குதிரை எல்லாரும் சுகம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்குப் பிறகு வருகிறேன். நீ சுகமா என்று முதல் வரியிலேயே கேட்டு அந்தக் கடமையை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. கடிதம் முழுக்க அதைத்தான் கேட்கப்போகிறேன். போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் காகிதத்தில் கிறுக்குகிறான் என்று நினைப்பாய். என் போன் இப்போது உன் அம்மாவிடம் இருக்கிறது, உனக்கு எதை அனுப்பினாலும் முதலில் படிப்பவள் அவள்தான். அதனால்தான் நம் ஊர்த் திலேக்கிடம் ஒரு பொட்டலத்தோடு கொடுத்தனுப்புகிறேன், லீவு முடிந்து வியாழக்கிழமை அவனும் கசானுக்குத் திரும்புகிறான். பொட்டலத்தை எல்லோர் முன்னாலும் பிரி, கடிதத்தைத் தனியாகப் படி.

சங்கதி இதுதான். குளிர் தொடங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் நீ வீடியோவில் வருகிறாய், உன் அம்மா தலைத்துண்டைத் திருத்திக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி உட்காருகிறாள், கொஞ்ச நேரத்தில் உன் முகம் உறைந்து நிற்கிறது, பிறகு கறுப்பு, குரல் மட்டும். "அங்க லைன் சரியில்லம்மா, அப்பாவப் பாக்கச் சொல்லு" என்கிறாய். நீ போகிறபோக்கில் சொன்ன அந்த வார்த்தையால் இந்த வீட்டில் நடந்த கூத்தைக் கேள். முதல் வாரம் உன் அம்மா ரவுட்டருக்குத் திருஷ்டி கழித்தாள். ஆர்ச்சா மரத்துக் கிளையைக் கொளுத்தி அந்தப் பெட்டியைச் சுற்றி மூன்று சுற்று, புகை உள்ளே போய் விளக்குகளெல்லாம் மங்கலாகிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது நம் வீட்டு இன்டர்நெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசினாளாம், அதனால் கண் பட்டுவிட்டதாம். அடுத்த வாரம் வெள்ளி இழை ஓடும் பூத்துணியால் அதை மூடினாள். தூசி படாதாம், அழகாகவும் இருக்குமாம். காற்றுப் போக வேண்டிய கருவியை, அதுவும் உலோக இழைத் துணியால் மூடியவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைத்தேன், இல்லை, விசாரித்தால் தெரு முழுக்க மூடித்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் உன் தாய்மாமன் துர்சுன் வந்தார். புது டேப்லட் வாங்கியிருக்கிறார் அல்லவா, எல்லா நோய்க்கும் அவரிடம் இப்போது மருந்து இருக்கிறது. தேநீர்கூட ஆறவில்லை, ரவுட்டர் பக்கத்தில் நின்று வேகம் பார்த்துவிட்டு, "மாப்ளே, எம்பது காட்டுது பாரு, லைன்ல ஒரு கொறையும் இல்ல, அனாரா போனுதான் தரித்திரம்" என்றார். அதே டேப்லட்டோடு சமையலறைக்குப் போனார், நாலு காட்டியது. "இல்ல மாப்ளே, லைனுதான் தரித்திரம்" என்றார். எண்பதுக்கும் நாலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. பிறகு அவர் டேப்லட்டிலும், அம்மா போனிலும், டிவியிலும் ஒரே நேரத்தில் சோதனையை ஓடவிட்டு எது ஜெயிக்கிறது என்று பந்தயம் வைத்தார். ஒரே குழாயில் மூன்று பேர் வாயை வைத்து உறிஞ்சிவிட்டு எவன் வாயில் தண்ணீர் குறைவு என்று சண்டை போடுவது போல. மூன்றிலும் குறைவாகக் காட்டியதும், "அனாரா, அந்தப் பெட்டைக் குதிரைய வித்துட்டு மாடியில டிஷ் வை, செயற்கைக்கோள்லேர்ந்து நேரா உம் பொண்ணு எறங்குவா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இருந்த இறைச்சியை எல்லாம் தின்றுவிட்டுப் போனார். உன் அம்மா தலையாட்டினாள். நீ ஊருக்கு வந்தால் ஏற வேண்டும் என்று மூன்று வருடமாக வைத்திருக்கிற குதிரை அது.

கம்பெனிக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. போனை எடுத்த பெண், "அண்ணே, ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா" என்றாள். பண்ணினேன் என்றேன். "இன்னொரு தடவ பண்ணுங்கண்ணே" என்றாள். தங்கச்சி, நான் தோலோன் கணவாயில் செல்போன் கோபுரம் ஏறி வேலை பார்க்கிறவன், கேபிள் வழியாகப் பார்த்தாயா என்று நீ என்னைக் கேட்க வேண்டும், அதையாவது கேள் என்றேன். "ரொம்ப சந்தோஷம்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இவர்களை எல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் போன மாதம் நான் கணவாயில் பனியில் மாட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை, நீ "லைன் சரியில்ல" என்றதும் உன் அம்மா போனை வாயில் கடித்துக்கொண்டு ஏணி வைத்து மாட்டுக்கொட்டகைக் கூரை ஏறியிருக்கிறாள். அங்கே வைக்கோல் போருக்கு மேலே நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கத்தியிருக்கிறாள். அதை நீயும் கேட்டிருப்பாய். நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, தெரிகிறது என்று நீ சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் அடுத்த வாரமும் ஏறினாள். அந்தக் கூரையில் சிக்னலே கிடையாது, பெர்மெத். நம் ஊர்க் கோபுரத்துக்கு ஆன்டெனா மாட்டியவனே நான்தான், அதன் முகம் மலைக்கு அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. சொன்னால் கேட்டால்தானே. "மேல ஏறினா வானம் கிட்ட இருக்குல்ல" என்கிறாள். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள் பேசுகிற பேச்சா இது. இரண்டாவது தடவை இறங்கும்போது ஏணிப் படியில் பனி உறைந்திருந்தது, வழுக்கிவிட்டது. முழங்கால் வீங்கி இன்னும் இறங்கவில்லை. "பெர்மெத்துக்கிட்ட சொல்லாதீங்க, பரீட்சை நேரம்" என்று எனக்கு உத்தரவு. நான் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் வேலையை நானே கையில் எடுத்தேன். இதற்கு ஒரு முறை இருக்கிறது, அது ஒன்றும் மந்திரமில்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும், அதுதான் இந்த ஊரில் யாருக்கும் வராது. எல்லாக் கருவியையும் வைஃபையிலிருந்து கழற்று. லேப்டாப்பை மட்டும் கேபிளில் நேராகச் சொருகு. வேகம் வந்தது, நாம் கட்டணம் கட்டுகிற அளவுக்குக் குறையாமல். ஆகவே வெளியிலிருந்து வரும் லைனில் தப்பில்லை. பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு ரவுட்டர் பக்கத்தில் நின்று பார்த்தேன், நன்றாக இருந்தது. எழுந்து நடந்தேன். பெரிய அறையின் எதிர்ச்சுவரைத் தாண்டியதும் பாதாளத்தில் விழுந்தது. காரணம் எது தெரியுமா, உன் சீதனம். இலையுதிர் காலத்தில் உன் அம்மா தகரம் அடித்த அந்தப் பெரிய பெட்டியை வெளியே எடுத்து, மூத்த விருந்தாளிகளை உட்காரவைக்கும் இடத்தில் வைத்து, அதன்மேல் உனக்காகத் தைத்த மெத்தைகளை எல்லாம் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கிறாள். கம்பியும் பெட்டியும் வருகிறவர்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று ரவுட்டரைத் தள்ளி அந்தத் தகரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். ரேடியோ அலையைச் சிறைப்பிடிக்க இதைவிட நல்ல கூண்டு கட்டு என்று எனக்குக் காசு கொடுத்தாலும் கட்டியிருக்க மாட்டேன்.

பெட்டியை நகர்த்து என்றேன். "பொண்ணு சீதனத்த வாசப்பக்கம் தள்ளுவாங்களா? ஊரு என்ன சொல்லும்? நீங்க வேணா வெளிய போய்ப் படுங்க, பெட்டி நகராது" என்றாள். கல்யாணமே வேண்டாம் என்று அங்கே ஒருத்தி படித்துக்கொண்டிருக்கிறாள், இங்கே அவளுடைய மெத்தைக்கு மரியாதை. கடைசியில் ரவுட்டரை எடுத்து மெத்தை அடுக்கின் உச்சியில், எல்லார் தலைக்கும் மேலே, வைத்தேன். பூத்துணியைக் கழற்றி எறிந்தேன். அவளுடைய பழைய போன் மெதுவான அலையை மட்டும்தான் பிடிக்கும், அதனால் என் போனைக் கொடுத்தேன். சமையலறை, படுக்கையறை, டிவி, எல்லா இடத்திலும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், குறையில்லை. துர்சுன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுல பெரியவரு இனிமே இவருதானா மாப்ளே" என்றார். உம்மைவிட உபயோகமானவர் என்றேன்.

இனி கவனமாகப் படி. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். அம்மா சமையலறையில் போனோடு உட்கார்ந்தாள், நான் அவள் பக்கத்திலேயே லேப்டாப்பில் லைனை அளந்துகொண்டிருந்தேன். திரை முழுக்க உன் முகம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. "ஐயோ, எம் பொண்ணு எளச்சிட்டா" என்று அழுதாள், சிரித்தாள். பிறகு, "எங்க, ரூமக் கொஞ்சம் காட்டு, ஹீட்டர் வேல செய்யுதா பாக்கறேன்" என்றாள். உடனே கறுப்பு. "லைன் போச்சும்மா" என்று உன் குரல். லேப்டாப்பில் ஒரு துளி இழப்பு இல்லை, கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. நீ வைத்ததும் கசானிலேயே இருக்கிற என் கூட்டாளி ஆஸ்கத்தைக் கூப்பிட்டேன், அவன் பல் இடுக்கில் இருந்த கீரைகூடத் தெரிந்தது. அதற்குமுன் வாரம் படம் எப்போது நின்றது என்று அம்மாவிடம் கேட்டேன். உன் அறைத்தோழியைக் கூப்பிடச் சொன்னபோது. அதற்குமுன்? உன் வெள்ளை டாக்டர் கோட்டைப் போட்டுக் காட்டச் சொன்னபோது.

கம்பி நாம் பேசுவதை ஒட்டுக்கேட்காது, மகளே. ஹீட்டர் என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் அறுந்துபோகிற கேபிளை நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லாக் கருவியையும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன், மிச்சம் இருப்பது உன் போன் ஒன்றுதான். அதன் கேமராவை ஒரு விரல் மூடுகிறது. அந்த விரலையும் பார்த்துவிட்டேன். கறுப்பு ஆவதற்கு முன்னால் ஒரே ஒரு படம் உறைந்து நின்றது, தலைமுடிக்கு மேலே வலைத் தொப்பி, சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்த பழுப்பு நிற டேப்புத் துண்டு, பின்னால் உத்தரம் வரைக்கும் இரும்பு அலமாரி, விரல் நுனியெல்லாம் வெடிப்பு. எந்த மருத்துவக் கல்லூரியிலும் மாணவர்களுக்கு அட்டைப்பெட்டி ஒட்டச் சொல்லித்தர மாட்டார்கள். அம்மா பார்க்கவில்லை. படம் உறைந்ததுமே எழுந்து தன் குளிர் கோட்டைத் தேடப் போய்விட்டாள், மறுபடியும் கூரை ஏற.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஊகித்து எழுதவும் மாட்டேன். தோற்றாயா, அனுப்பிவிட்டார்களா, பிடிக்கவில்லையா, நீயாக விட்டாயா, எதுவாகவும் இருக்கட்டும். கிடங்கில் வேலை செய்வது எனக்குக் கேவலமில்லை, நானும் தினமும் ஸ்பேனரோடுதான் கோபுரம் ஏறுகிறேன். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், பொய் எப்படிச் சொல்வார்கள் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. எனக்கு அருவருப்பாக இருப்பது இந்தத் தந்திரம்தான். யாரிடம் லைன் சரியில்லை என்கிறாய், லைன் போடுகிறவனிடமா. இவ்வளவு மட்டமான பொய்யை என் மகள் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. சரி, என்னிடம் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். நீ விரலை வைத்து மூடிக்கொண்டிருந்த நேரத்தில் உன் அம்மா பனியில், வைக்கோல்மேல், கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் சிக்னல் தேடவில்லை, உன்னைத் தேடினாள். துர்சுனும், அந்தக் கம்பெனிப் பெண்ணும், திருஷ்டி வைத்த பக்கத்து வீட்டுக்காரியும் முட்டாள்கள்தான், ஆனால் அவர்களில் யாரும் அவளை ஏணி ஏற்றவில்லை.

அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. ரவுட்டர் சூடாகிவிட்டது, அடுத்த ஞாயிறுக்குள் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஏணியைத் தூக்கிக்கொண்டுபோய்த் திலேக் வீட்டில் போட்டுவிட்டேன். குதிரையை விற்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டேன், வருகிற ஞாயிறும் படம் நின்றால் விற்பேன் என்று அவளும் பதிலுக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். ஆகவே இந்தப் பக்கம் சரிசெய்ய இனி எதுவும் மிச்சமில்லை. வீட்டுக்கு வர நினைத்தால் வா, வராமல் அங்கேயே இருக்க நினைத்தால் இரு, மறுபடி படிக்க நினைத்தால் அதையும் பேசலாம். ஆனால் பேச வேண்டியவள் நீ, அவளிடம், முகத்தைக் காட்டி.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியும் தேநீருமாகக் காலத்தைத் தள்ளாதே. நம் பெரியவர்கள் வாழ்த்துவது போல உன் வழி வெள்ளையாக இருக்கட்டும், யார் முன்னாலும் நீ தலை குனியாமல் வாழ வேண்டும். பொட்டலத்தில் குருத் இருக்கிறது, அந்த உலர்ந்த தயிர் உருண்டைகள் அம்மா கட்டியது. அடியில் இருக்கும் சின்ன டப்பா மட்டும் நான் அவளுக்குத் தெரியாமல் எடுத்துவைத்தது, மலை அணில் கொழுப்பு. விரல் வெடிப்புக்கு அது நல்லது என்று அவள் சொல்வாள், அதில் ஒரு விஞ்ஞானமும் கிடையாது, இரவில் தடவிக்கொண்டு படு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடி ரூமைக் காட்டு என்று கேட்பாள். காட்டு.

உன் அப்பா
ரிஸ்பெக்